அந்தக் காசோலையையும் சொல்லுங்கள்

"இன்றைக்குத் துணியாவிட்டால் எண்பது வயதில் உட்கார்ந்து அழுவீர்கள்!" எங்கள் பக்கத்துக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் ஒரு பேச்சாளர் போன வாரம் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். அரங்கமே கைதட்டியதாம். கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

ஆதாரத்துக்கு அவர் சொன்னது ஜெஃப் பெசோஸ் கதை. எண்பது வயதில் எதற்காக வருந்துவோம் என்று யோசித்து, 1994இல் நல்ல வேலையை உதறி, அமேசானைத் தொடங்கிய கதை. உதறியது என்ன வேலை? நியூயார்க்கில், டி. இ. ஷா என்ற முதலீட்டு நிறுவனத்தில் மூத்த துணைத் தலைவர் பதவி. படித்தது பிரின்ஸ்டனில். தோற்றிருந்தாலும் மறு மாதமே யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். 1995இல் அவருடைய பெற்றோர் போட்ட பணம் ஏறக்குறைய 2,45,000 டாலர். பணம் திரும்பாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று மகனே எச்சரித்தும் போட்டார்கள். இந்தக் காசோலையை எந்த மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் தெருப் பையன் ஒருவனும் துணிந்தான். வேலையை விட்டுக் கடை போட்டான். காசோலைக்குப் பதிலாக அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மடிப்பெல்லாம் கிழிந்துபோன அடகுச் சீட்டை அந்த அம்மா அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தார். வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைத்தும், கடைசியில் நகை ஏலத்துக்குப் போய்விட்டது. துணிந்தது மகன், அழுதது தாய். எண்பது வயதுக் கணக்குப் போடுகிறவர்கள் அவளை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

உடனே, சாகக் கிடப்பவர்களைப் பராமரித்த பிரானி வேரின் புத்தகத்தை நீட்டுவார்கள். சாகும் தறுவாயில் இருந்தவர்களின் முதல் வருத்தமே, தங்கள் விருப்பப்படி வாழத் துணிச்சல் இல்லாமல் போனதுதானாம். வாழாமல் விட்ட வாழ்க்கையில் கடன்காரன் வாசலில் நிற்பதில்லை, நகை ஏலம் போவதில்லை. அது அழகாகத்தான் தெரியும். பெசோஸுக்குக் காசோலை கிடைக்காமல் போயிருந்தால், அவர் வருத்தத்தைக் கேட்க யார் போயிருப்பார்கள்?

தங்கை கல்யாணம் முடியட்டும் என்று பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவனைக் கோழை என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவனுக்கு இருக்கும் தைரியம் மேடையில் மைக் பிடிப்பவருக்கு உண்டா? லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிவிட்டு, வளாக நேர்காணலுக்கு ஒரு உருப்படியான நிறுவனத்தைக் கூட்டிவர வக்கில்லாத கல்லூரிகள்தான் இவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. அடுத்த ஆண்டு ஒரு வங்கி மேலாளரைக் கூப்பிடுங்கள். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடும் அப்பாவின் தலையில் என்னென்ன விழும் என்று அரை மணி நேரம் பேசட்டும்.