எந்த மீன்?

அகராதி கையில் இருந்தால் மொழிபெயர்ப்பு நடந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. அகராதியின் இடத்தில் இன்று கணினி வந்து அமர்ந்திருக்கிறது. எண்ணம் மட்டும் மாறவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லை இட்டால் அதற்குரிய ஸ்பானியச் சொல் வந்து விழும், எஞ்சியது எழுத்தர் வேலை என்று சொல்வோர் இலக்கிய வட்டங்களிலேயே இருக்கின்றனர். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கிறோம். ஒரு சொல்லுக்குரிய மறுசொல் அகராதியில் இருப்பதில்லை. அச்சொல் எழுதப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது.

எளிய சான்று ஒன்று. ஆங்கிலத்தின் 'கார்னர்' அறைக்குள் இருந்தால் ஸ்பானிய மொழியில் 'ரின்கோன்'. தெருவில் இருந்தால் 'எஸ்கினா'. முன்னது உட்கோணம், பின்னது வெளிக்கோணம். இதில் தமிழர்க்கு வியப்பில்லை. வீட்டு மூலையையும் தெருமுனையையும் நாமும் பிரித்தே சொல்கிறோம். போர்ஹேஸ் 1935இல் வெளியிட்ட 'இழிபுகழின் உலக வரலாறு' தொகுப்பில் உள்ள ஒரு கதையின் தலைப்பில் வருவது 'எஸ்கினா'. ஆங்கிலத்தின் 'கார்னர்' ஒன்றையே பார்த்து அதனை 'மூலை' என்று தமிழில் எழுதுபவர், புவெனஸ் அய்ரெஸ் புறநகரின் கத்திச் சண்டைக்காரர்களை வீட்டுக்குள் ஒடுக்கிவிடுகிறார். ஒரு சொல்தானே என்பார்கள். கதையின் களமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

கடினமான சான்றுக்கு வருவோம். 1952இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலில் ஆங்கிலச் சொல் ஒன்றே: 'ஃபிஷ்'. ஸ்பானிய மொழியிலோ நீரில் வாழும் உயிர் 'பெஸ்'. பிடிபட்டு உணவாகிவிட்டது 'பெஸ்காதோ'. பின்னது 'மீன்பிடித்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்த எச்சவடிவம். 'பிடிக்கப்பட்டது' என்பதே அதன் நேர்ப்பொருள். இங்கே தமிழ் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறது; கடலில் நீந்துவதும் குழம்பில் கிடப்பதும் நமக்கு மீன்தான்.

சாந்தியாகோ அந்த மீனோடு பேசுகிறான், அதனைச் சகோதரன் என்கிறான், பின் கொல்கிறான். படகின் பக்கவாட்டில் கட்டிய பிறகு அதன் எடையையும் விலையையும் மனத்துள் கணக்கிடுகிறான். சுறாக்கள் அதனைக் கடித்துக் குதறிய பின்னும் அதனிடமே மன்னிப்புக் கேட்கிறான். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் இங்கே விடைசொல்லியாக வேண்டிய கேள்வி: எந்த நொடியில் 'பெஸ்' 'பெஸ்காதோ' ஆகிறது? கொன்றபோதா? விலையை எண்ணியபோதா? அல்லது கிழவனின் நாவில் அது இறுதிவரை 'பெஸ்' ஆகவே நிற்கிறதா?

கணினியும் சூழலைப் பார்த்துச் சரியாகச் சொல்லுமே என்று நண்பர்கள் இடைமறிக்கலாம். சந்தையில் மீன் வாங்கும் வாக்கியத்தில் அது சரியாகவே சொல்லும், மறுக்கவில்லை. இங்கே சிக்கல் வேறு. விலையை எண்ணும் இடத்தில் இரு சொல்லும் இலக்கணப்படி பொருந்தும். 'பெஸ்காதோ' என்றால் கிழவன் ஒரு கணம் வணிகனாகிறான். 'பெஸ்' என்றால் விலையை எண்ணும்போதும் அவன் உறவை விடவில்லை. இரண்டும் இரு வேறு நாவல்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்வது வாசிப்பு. அத்தேர்வுக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும்.

'யூ' என்னும் சொல்லின் கதையும் இதுவே. அதற்கு ஸ்பானிய மொழியில் 'தூ' உண்டு, 'உஸ்தெத்' உண்டு. நம் நீயும் நீங்களும் போல. ஆங்கிலம் இவ்வேறுபாட்டை என்றோ இழந்துவிட்டது. ஸ்பானிய உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்டு 1940இல் எழுதிய நாவலில் இந்த இழப்பை ஈடுகட்டவே ஹெமிங்வே வழக்கொழிந்த 'தவ்' என்னும் பழஞ்சொல்லைத் தேடி எடுத்தார். ஆங்கிலத்தில் எழுதிய பெரும் படைப்பாளியே தம் மொழி போதவில்லை என்று உணர்ந்த இடம் அது. அதே இடத்தைத்தான் நம்மவர் சிலர் எழுத்தர் வேலை என்கின்றனர்!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் அதிகம். லத்தீன் அமெரிக்கப் புனைவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழை வந்தடைந்தன. மூலத்தில் 'உஸ்தெத்' என்று மரியாதையோடு விளித்தவள் ஆங்கிலத்தில் வெறும் 'யூ' ஆகிறாள். தமிழில் அவள் 'நீ' என்பாளா 'நீங்கள்' என்பாளா என்பது மொழிபெயர்ப்பாளரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. மூலத்தில் இருந்தது, நம் மொழியிலும் இருப்பது, நடுவில் நின்ற மொழியில் இல்லாததால் தொலைந்துபோகிறது. இதைக் காட்டிலும் வீணான இழப்பு வேறில்லை.

ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பதை நாம் பழிக்கவில்லை. அதன் கொடையால் வளர்ந்த தலைமுறையே நாம். நாம் கேட்பது ஒன்றே. ஆங்கிலச் சொல் இரு பொருள்பட நிற்கும் இடத்தில் ஸ்பானிய மூலத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அந்த ஒரு சொல்லையேனும் கேளுங்கள். பதிப்பாளர்கள் அதற்கான காலத்தையும் கூலியையும் கொடுங்கள். 'எந்த மீன்?' என்று கேட்கத் தெரியாதவர் எத்தனை அகராதிகளைப் புரட்டினாலும் அந்த மீன் அவர் வலையில் விழாது.