ஆளை மாற்றினால் ஆட்டம் மாறுமா?

பல்லேகலை மைதானத்தின் புல்மேட்டில் அமர்ந்து கிரிக்கெட் பார்ப்பவனுக்கு இரண்டு இன்பங்கள் உண்டு. ஒன்று ஆட்டம், மற்றொன்று சுற்றி நிற்கும் மலைகள். ஆட்டம் கைவிட்ட வேளையிலும் மலை கைவிடுவதில்லை. ஆனால் இரவு நேரப் போட்டியில் மலையும் கண்ணுக்குத் தெரியாது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27, 28, 30ஆம் திகதிகளில் இந்திய அணியுடன் நம்மவர் அங்கு ஆடிய மூன்று இருபது ஓவர் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறு ஆறுதலும் இல்லாமற் போயிற்று.

முதல் இரவு. 214 ஓட்டங்கள் என்ற பெரிய இலக்கை நோக்கி நம்மவர் வீறுடன் சென்றனர். 140 ஓட்டங்களுக்கு ஒரே ஒரு விக்கெட்தான் வீழ்ந்திருந்தது. பெத்தும் நிஸ்ஸங்க 79 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழந்தார். அவருக்குப் பின் அணை உடைந்தது. எஞ்சிய ஒன்பது விக்கெட்டுகளும் 30 ஓட்டங்களுக்குள் போயின. இரண்டாம் இரவு 130க்கு இரண்டு என்றிருந்த நிலை 161க்கு ஒன்பது என்று முடிந்தது. மூன்றாம் இரவு வெல்ல வேண்டியது 138 ஓட்டங்களே. 110க்கு ஒன்று என்று நின்ற அணி, கடைசி 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் எடுத்தால் போதும் என்ற நிலைக்கு வந்தது. அப்போது பந்து வீச வந்தவர்கள் யார்? ரிங்கு சிங்கும் சூரியகுமார் யாதவும். இருவரும் துடுப்பெடுத்தாடப் பெயர் பெற்றவர்களேயன்றிப் பந்துவீச்சுக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். அந்த 12 பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் வீழ்ந்தன. ஆட்டம் 137இல் சமநிலையாயிற்று. பின்பு நடந்த சுப்பர் ஓவரில் நாம் எடுத்தவை 2 ஓட்டங்கள். இந்தியா முதற் பந்திலேயே நான்கடித்துக் கணக்கை முடித்தது.

மூன்று இரவுகளின் சரிவையும் கூட்டிப் பார்த்தேன். 88 ஓட்டங்களுக்கு 23 விக்கெட்டுகள்! பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈவு வகுக்கக் கொடுத்தால், விக்கெட்டுக்கு நான்கு ஓட்டங்கள்கூட வரவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்றிரவு கண்டிக்குத் திரும்பிய பஸ் வண்டி முழுவதும் தெரிவுக்குழுவாக மாறியிருந்தது. ஒருவர் இன்னாரைத் தூக்க வேண்டும் என்றார்; இன்னொருவர் இன்னாரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் எனக்குப் பிடித்த பதினொருவரை எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அவர்களுள் ஒன்பது பேர் அன்று ஆடியவர்களே! அத்தனை கோபத்துக்கும் பின்னர் நான் செய்த மாற்றம் இரண்டே இரண்டு. அந்த இருவரும் அன்று ஆடியிருந்தால் ஆட்டம் வென்றிருப்போம் என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. குறை ஆட்களில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கியது.

திறமை வறண்டுவிட்டது என்பார் உளர். அப்படியானால் அடுத்த வாரமே கொழும்பில் நடந்ததை எவ்வாறு விளக்குவது? அதே இந்திய அணியை ஒருநாள் போட்டித் தொடரில் நம்மவர் 2க்கு 0 என்று வென்றனர். 1997க்குப் பின்னர் இந்தியாவுக்கு எதிராகப் பெற்ற முதலாவது ஒருநாள் தொடர் வெற்றி அது. இரண்டாம் போட்டியில், காயமுற்ற வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு வந்த ஜெப்ரி வெண்டர்சே ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். செப்டெம்பரில் இலண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்ட் போட்டியில் வீழ்த்தினர். நவம்பரிலோ டர்பனில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 42 ஓட்டங்களுக்குச் சுருண்டனர். நமது டெஸ்ட் வரலாற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். முந்திய ஆண்டிலும் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 50, உலகக் கிண்ணப் போட்டியில் மும்பையில் 55 என இரு பெருஞ் சரிவுகளைக் கண்டோம். வெல்லவும் வல்லவர்கள், விழவும் வல்லவர்கள்! திறமையில்லாத அணி இவ்வாறு ஏறி இறங்காது. எப்போதும் கீழேயே கிடக்கும்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரம் வைத்தார். ஆளைத் தேர்வது ஒரு கலை. தேர்ந்தவனுக்கு அவனால் முடியும் வேலையைக் கொடுத்து அதை அவனிடம் விட்டுவிடுவது வேறொரு கலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் அவர் வேறு வேறாக்கினார். நமது கிரிக்கெட் உலகம் முதல் அதிகாரத்தோடு ஏட்டை மூடிவிட்டது என்பதே என் வழக்கு.

இதற்கான சான்றைத் தேடிக் கண்டியை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஒரு மாணவன் மித வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தான். அவனுக்கு 14 வயதாயிருந்தபோது, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவனைச் சுழற்பந்து வீசச் சொன்னார். பையனை மாற்றவில்லை, அவன் வேலையை மாற்றினார். அந்த மாணவன்தான் முத்தையா முரளிதரன். 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி, இதே நகரின் அஸ்கிரிய மைதானத்தில் போல் கொலிங்வூட்டை வீழ்த்தித் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்று, ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்தார். 2010இல் ஓய்வு பெற்றபோது கணக்கு 800. அன்று அந்தப் பயிற்றுநர், வேகம் போதாது என்று சொல்லி வேறொரு பையனை அழைத்திருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியையும் பாருங்கள். அது வானத்திலிருந்து இறங்கிய அணியன்று. கீழ்வரிசையில் ஆடி இடக்கையால் சுழற்பந்து வீசிக்கொண்டிருந்த சனத் ஜயசூரியவைக் களுவிதாரணவோடு முதலில் இறக்கினார்கள். அந்த அதிரடி பலருக்கும் நினைவிருக்கிறது. அதன் மறுபுறத்தைத்தான் நாம் மறந்துவிட்டோம். பல ஆண்டுகள் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக விளங்கிய ரொஷான் மஹாநாம, தம் இடத்தை விட்டுக் கொடுத்து மத்திய வரிசைக்கு இறங்கினார். கல்கத்தாவில் நடந்த அரையிறுதியில் முதல் ஓவரிலேயே ஜயசூரியவும் களுவிதாரணவும் வெளியேறினர். அணியின் எண்ணிக்கை 1. பல்லேகலையில் கண்டதைவிடக் கொடிய தொடக்கம் அது. ஆயினும் அரவிந்த டி சில்வா 66 ஓட்டங்களும், தசைப்பிடிப்பால் களத்தைவிட்டு வெளியேறும்வரை மஹாநாம 58 ஓட்டங்களும் எடுக்க, அணி 251 வரை சென்று வென்றது. தலை விழுந்தால் நடு தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி அமைத்த அணி அது.

ஆகவே ஓர் எளிய இரசிகனாகச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நான்காம் இடம் முதல் ஏழாம் இடம் வரையிலான நான்கு இடங்களுக்கும் அந்த இடங்களுக்கென்றே வீரரைத் தெரிய வேண்டும். நமது பாடசாலைகளில் ஆற்றல் மிக்க மாணவன் முதல் மூன்று இடங்களுள் ஒன்றைப் பெறுகிறான். கழகத்திலும் அதே இடம். நாட்டுக்கு ஆட வரும்போது மேலே இடமில்லாததால் ஐந்தாவதாக இறக்கப்படுகிறான். தேய்ந்த பந்து, விரிந்து நிற்கும் களத்தடுப்பு, சுழற்பந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஓவர் கணக்கு ஆகிய இவற்றுக்கு நடுவே ஒற்றை ஓட்டங்களைச் சேர்த்து ஆட்டத்தை முடிக்கும் வித்தையை அவன் எங்கே பயின்றான்? 12 பந்துகளில் 9 ஓட்டங்கள் எடுக்க ஆறடி அடிக்கும் தோள் வேண்டியதில்லை. பதற்றமில்லாத தலை போதும். ஐந்தாம் இடத்துக்கு ஒருவரைக் கருதினால், உள்நாட்டுப் போட்டிகளிலும் அவரை அதே இடத்தில் ஆடவிட்டுப் பார்க்க வேண்டும்.

திறமையுள்ளவன் எந்த இடத்திலும் ஆடுவான் என்று சிலர் மறுப்பர். மஹாநாமவையே சான்றாகக் காட்டவும் கூடும். உண்மைதான், ஆனால் அவருக்கு அந்த இடம் ஒரு நாள் மட்டும் கொடுக்கப்பட்டதன்று. இது உன் வேலை என்று சொல்லி ஒப்படைக்கப்பட்டது. அதுவே என் இரண்டாம் யோசனை: பொறுமை. 2016 முதல் 2024 வரை கிரகாம் போர்ட், சந்திக ஹத்துருசிங்க, மிக்கி ஆர்தர், கிறிஸ் சில்வர்வூட், சனத் ஜயசூரிய என ஐந்து தலைமைப் பயிற்றுநர்களைக் கண்டோம். இடைக்காலத்துக்கு வந்தவர்கள் வேறு. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து ஆசிரியர்கள் மாறிய வகுப்பு எப்படித் தேறும் என்பதை இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களே சொல்லட்டும். ஒருவரைத் தெரிந்தால் இத்தனை போட்டிகள் உனக்கு உண்டு என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். அதற்குள் அவர் தேறாவிட்டால் நீக்குவதில் தவறில்லை. அடுத்த ஆட்டத்தில் இடமுண்டோ இல்லையோ என்று அஞ்சி ஆடுபவன் அணிக்காக ஆட மாட்டான். தன் இடத்துக்காகவே ஆடுவான்.

மூன்றாவது, உள்நாட்டு ஆட்டம். இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதற்தரப் போட்டிகளில் ஆடிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அவுஸ்திரேலியா போன்ற பெரிய நாட்டில் ஆறே மாநில அணிகள். அங்கு ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடுகின்றனர். இங்கு வீரர்கள் பல அணிகளாகச் சிதறுகின்றனர். 2022இல் கொழும்பு, காலி, கண்டி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகளைக் கொண்டு தேசிய சுப்பர் லீக் தொடங்கப்பட்டபோது மகிழ்ந்தேன். அத்தகைய நான்கு நாள் போட்டிகள் ஆண்டுதோறும் தவறாமல் நிகழ வேண்டும். கழகங்களே இந்நாட்டுக் கிரிக்கெட்டை வளர்த்தன என்பதை நான் மறக்கவில்லை. அவை அடித்தளமாக நிலைக்கட்டும். அதன் மேல் ஐந்து நகர அணிகள் எழட்டும். கண்டிக்கு என்று ஓர் அணி வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இதில் உண்டு, மறைக்கவில்லை. லங்கா பிரீமியர் லீக்கில் நமக்கு ஓர் அணி கிடைத்தது உண்மையே. ஆனால் 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வொரியர்ஸ், 2022இல் பல்கன்ஸ், 2023இல் பி-லவ், 2024இல் மீண்டும் பல்கன்ஸ் என அதன் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. பி-லவ் என்ற பெயரில் கிண்ணத்தை வென்றபோது கைதட்டினோம். அடுத்த ஆண்டு அந்தப் பெயரே இல்லை.

நான்காவது யோசனையே என் நெஞ்சுக்கு நெருங்கியது. குமார் சங்கக்கார கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். டெஸ்டில் 12,400 ஓட்டங்கள் எடுத்தவர். அஸ்கிரிய மைதானமே அக்கல்லூரியின் உடைமை. முரளிதரனின் தந்தையார் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். இருவரின் உழைப்பையும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்களுக்கு மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், மட்டை வாங்கித் தரக் குடும்பம் இருந்தது. இம்மலைகளின் மறுபக்கத்தில், தேயிலைச் சரிவில் வெட்டிச் சமனாக்கிய துண்டு நிலத்தில், மாலை வேளைகளில் மென்பந்து ஆடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பந்து பள்ளத்தில் உருண்டால் ஆட்டம் அரை மணி நிற்கும். அதனால் அவர்கள் பந்தை உயர்த்தி அடிப்பதில்லை. தரையோடு தட்டி, ஒற்றை ஓட்டமாக ஓடியே ஆட்டத்தை முடிக்கிறார்கள். பல்லேகலையில் நாம் தேடித் தவித்த வித்தை அதுதான்! ஆனால் அப்பிள்ளைகளுக்குக் கடினப்பந்தும் எட்டாது. காற்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் எட்டா. நல்ல மட்டை ஒன்றின் விலை, கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் பல நாட் கூலி.

யாழ்ப்பாணத்தில் ஒரு கதவு திறந்ததைப் பார்த்தோம். யாழ். மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார், 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்காகப் பந்து வீசினார், 2024இல் ஐ.பி.எல். களத்திலும் இறங்கினார். கதவு திறந்தால் ஆள் வருவார் என்பதற்கு இது போதும். மலையகத்துக்கு நான் கேட்பதும் பெரிதன்று. மாவட்டத்துக்கு இரண்டு புற்றரை ஆடுகளங்கள், தோட்டப் பாடசாலைகளைச் சுற்றிவரும் ஒரு பயிற்றுநர், பாடசாலைக்குப் பாடசாலை கைமாறும் ஒரு தொகுதி கடினப்பந்து உபகரணம். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு வெளிநாட்டுத் தொடரில் தோற்றுத் திரும்பும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த நுழைவுச்சீட்டு இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் அன்று எழுதிய பதினொரு பெயர்களையும் அண்மையில் அடித்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்துக்கும் நேரே அந்த இடத்தில் நிற்பவன் செய்ய வேண்டிய வேலை எது என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் இடத்துக்கு நேரே நான் எழுதியது இதுதான்: ‘பதறாமல் ஒற்றை ஓட்டம் ஓடுபவன்.’ அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது. அவன் தலவாக்கலையிலோ வத்தேகமவிலோ ஒரு தோட்டப் பாடசாலையின் ஆறாம் வகுப்பில் இருக்கக்கூடும். அவனைப் போய்ப் பார்த்து வரும் கடமை தெரிவுக்குழுவுக்கு உண்டு. அதுவரை அவனுக்கு ஒரு கடினப்பந்தைத் தேடிக் கொடுக்கும் கடமை நமக்கும் உண்டு.