எச்சில் குழாயில் போகும் குடும்ப ரகசியம்

அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், சின்ன பிளாஸ்டிக் குழாயில் கோடு வரை எச்சிலைத் துப்பி, இறுக மூடித் தபாலில் அனுப்பினால் போதும். முன்னோர் எந்த ஊர், எந்த நோய் வரக்கூடும் என்று சில வாரங்களில் அறிக்கை வந்துவிடும். அமெரிக்காவின் '23அண்ட்மீ' நிறுவனத்துக்கு இப்படித் துப்பி அனுப்பியவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவோடு நீதிமன்றம் போனது. மேசை நாற்காலியோடு மக்களின் மரபணுத் தகவலும் சொத்துக் கணக்கில் சேர்ந்து ஏலத்துக்கு வந்தது. 'தகவலை அழித்துவிடச் சொல்லுங்கள்' என்று கலிபோர்னிய அரசின் தலைமை வழக்கறிஞரே மக்களுக்கு நினைவூட்ட நேர்ந்தது. முடிவில் 30.5 கோடி டாலருக்கு, நிறுவனர்களில் ஒருவர் தலைமையிலான லாப நோக்கற்ற அமைப்பே அதை வாங்கியது. இதை நல்ல முடிவு என்று சொல்லி நிம்மதியடைய நமக்கு மனம் வரவில்லை. இன்னொருவர் கூடுதல் விலை கேட்டிருந்தால் அவர் கைக்குப் போயிருக்கும்.

2023இல் அங்கே நடந்த திருட்டு இதைவிடக் கலக்கம் தருவது. திருடர்கள் கடவுச்சொல்லைப் போட்டு நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். பறிபோனதோ ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம். சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக, ஒருவர் வீட்டுக் கதவு திறந்ததும் பங்காளிகள் வீடெல்லாம் திறந்துகொண்டது.

உரியவரைக் கேளாமல் எடுப்பது இங்கே புதிதல்ல. மரபணுத் தகவலைத் தாங்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை விஞ்ஞானிகள் வாட்சனும் கிரிக்கும் அறிவித்தது 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில். ஒரு இழை தெரிந்தால் மறு இழையை எழுதிவிடலாம் என்பதே அதன் அழகு. அந்த முடிவுக்குத் துணைநின்ற எக்ஸ்ரே படம் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் 1952இல் எடுக்கப்பட்டது; அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1962இல் மூன்று ஆண்கள் நோபல் பரிசு பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. அனுமதி கேளாமல் எடுத்துக் காட்டும் பழக்கம் இந்தத் துறையோடு கூடப் பிறந்தது.

இந்தியாவில் என்ன நிலை? டிஎன்ஏ தொழில்நுட்பத்தை ஒழுங்குபடுத்த 2019இல் வந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. கைதானவர்களிடம் உயிரியல் மாதிரி எடுக்க வழிசெய்யும் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுவுக்கென்று தனிப் பிரிவு இல்லை. மரபணுத் தகவலை விற்கவும், அதைக் காட்டிக் காப்பீடு மறுக்கவும் தடைவிதிக்கும் தனிச் சட்டத்தை மத்திய அரசு உடனே கொண்டுவர வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் குழாயைக் கையில் எடுக்குமுன், உடன்பிறந்தவர்களிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் அனுப்புவதில் அவர்களும் இருக்கிறார்கள்.