விருந்தாளியும் வீட்டுக்காரரும்

பெற்றோர்களே! கல்லூரியில் கணினி பயிலும் பிள்ளைகள், தங்கள் மடிக்கணினிக்குள்ளேயே 'மெய்நிகர் கணினி' என்ற இன்னொரு கணினியை மென்பொருளால் அமைத்துப் பழகுகிறார்கள். அது திடீரென நின்று, தானே மறுபடி தொடங்கினால், புதுக் கணினிக்குக் கடன் வாங்க ஓடாதீர்கள்.

முதலில் நினைவகத்தைப் பங்கிட்ட விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருப்பதே 8 ஜிபி. அதில் 7 ஜிபியை உள்ளே இருப்பதற்குக் கொடுத்தால், விருந்தாளிக்கு வாரி வைத்துவிட்டு வீட்டுக்காரர் பட்டினி கிடந்த கதைதான். பாதிக்கு மேல் வேண்டாம். வட்டில் காலி இடமும் இருக்க வேண்டும்.

உள்ளே ஓடுவது விண்டோஸ் என்றால், அதன் நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்கட்டும். 1074 என்றிருந்தால், புதுப்பிப்பு போன்ற ஒன்று கட்டளையிட்டு நிறுத்தியிருக்கிறது, அது பழுதல்ல. 41 என்றால், முறையாக மூடாமல் நின்றிருக்கிறது. காரணத்தை அக்கம்பக்க வரிகளில் தேட வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்த பிறகே பணப்பையைத் திறப்போம்.