தெரு விரியும்போது கடை சுருங்கலாமா?



புதிய சாலை வருகிறது என்றால் ஊர் மகிழ்கிறது. ஆனால், அச்சாலையோரத்தில் மளிகைக் கடையோ தையற்கடையோ வைத்துப் பிழைப்பவரின் உள்ளத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் புகுந்துகொள்கிறது. ஈராண்டுக் காலம் தெரு தோண்டிக் கிடந்தால் வாடிக்கையாளர் வருவார்களா? வராவிட்டால் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் எங்கே போவது? எல்லாருக்கும் கிடைக்கப்போகும் நன்மைக்கு ஒரு சிலர் மட்டும் விலை கொடுப்பது முறையாகுமா?

புனித பவுலின் பெயரைத் தாங்கிய ஒரு நகரம் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பால். அதனை அண்டை நகரான மினியாபொலிசுடன் இணைக்க, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள இலகு ரயில் பாதை திட்டமிடப்பட்டது. அதன் பெரும்பகுதி, யுனிவர்சிட்டி அவென்யூ என்னும் கடைத்தெருவின் நடுவே செல்வதாக இருந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த வியட்நாமியரும் ஹ்மோங் இனத்தவரும், கறுப்பின மக்களும் அங்கே சிறு கடைகள் நடத்திவந்தனர். தெருவோரத்தில் வாகனம் நிறுத்தும் இடங்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு பறிபோகும் என்று அவர்கள் அறிந்தார்கள்.

அவர்களுடைய அச்சம் வீணானதன்று. 1950, 1960-களில் நெடுஞ்சாலை ஒன்று அமைக்கப்பட்டபோது, அருகிலிருந்த ரோண்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பு இரண்டாகப் பிளவுண்டு சிதைந்ததை அந்நகர் மறந்திருக்கவில்லை. எனவே இம்முறை மக்கள் முன்கூட்டியே ஒன்றுகூடினார்கள். அவர்கள் விடாது கேட்டதன் பயனாக, முதல் திட்டத்தில் இல்லாத 3 நிலையங்கள் சேர்க்கப்பட்டன. வழக்கும் தொடுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் தீர்ப்பளித்த நீதிபதி பணியை நிறுத்தவில்லை. ஆயினும், கட்டுமானக் காலத்தில் கடைகள் இழக்கும் வருவாயைத் திட்ட அறிக்கை போதிய அளவு ஆராயவில்லை என்று தெளிவாக உரைத்தார். சிறு வணிகர்களுக்கு 20,000 டாலர் வரை கடன் வழங்கப்பட்டது. தொழிலை அங்கேயே தொடர்ந்து நடத்துவோருக்கு அது படிப்படியாகத் தள்ளுபடியானது. 2014 ஜூன் 14-இல் ரயில் ஓடத் தொடங்கியது. இடையில் சில கடைகள் மூடப்பட்டன, சில இடம்பெயர்ந்தன, புதியனவும் பிறந்தன. இழப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் அது கணக்கில் வந்தது, கேட்பாரற்றுப் போகவில்லை.

இது எங்கோ நடந்த கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மயிலாப்பூர், புரசைவாக்கம், பனகல் பூங்கா போன்ற கடைவீதிப் பகுதிகளையும் அது தொட்டுச் செல்கிறது. நாளை நம் ஊர்த் தெருவிலும் பாதாளச் சாக்கடைக்கோ பாலத்திற்கோ பள்ளம் தோண்டப்படலாம்.

அப்படியானால் நம் வணிகர்கள் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, திட்டத்தை அறிதல். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தோண்டுவார்கள், நடைபாதை எங்கே விடுவார்கள், சரக்கு இறக்க எந்த நேரம் கிடைக்கும் என்று அதிகாரிகளிடம் கேட்டு, எழுத்தில் பெறுவது நலம். இரண்டாவது, கணக்கு. இன்றைய விற்பனையை நாள்தோறும் எழுதி வைத்தவரால்தான் நாளைய இழப்பை மெய்ப்பிக்க இயலும். அக்காலத்தில் புதுக்கடன் வாங்காமலும் சரக்கை மிகுதியாகக் குவிக்காமலும், வாடகை குறித்துக் கட்டட உரிமையாளரிடம் முன்னரே பேசி வைப்பதும் விவேகம். மூன்றாவது, ஒற்றுமை. தனியொருவரின் மனு கோப்பில் உறங்கிவிடலாம். தெருவே திரண்டு கேட்டால் செவிசாய்க்க வேண்டிவரும்.

கடை என்ற கூரையும் இல்லாத நடைபாதை வணிகரை மறந்துவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 30 நாள் முன்னறிவிப்பு இன்றி அவர்களை இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கு உரியது. பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு இதனை எடுத்துச் சொல்வது படித்த பிள்ளைகளின் கடமையன்றோ?

இனி, வாங்குவோராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. மாதக் கடைசியில் கையில் பணம் இல்லாத நாள்களில் கணக்கு எழுதிக்கொண்டு அரிசி தந்தவர் தெருமுனைக் கடைக்காரர். அவருடைய வாசலில் பள்ளம் தோண்டியவுடன் நாம் வேறு கடைக்குப் போய்விடலாமா? பலகை மேல் நடந்து, புழுதியைத் தாண்டி, சற்றுச் சுற்றி வந்தாலும் அவரிடமே வாங்குவோம். ஏற்கெனவே பாக்கி இருந்தால் பணி தொடங்குமுன் தீர்த்துவிடுவோம். சாலை முடிந்து விளக்குகள் எரியும் நாளில், பழைய கடைக்காரரும் தம் கடையைத் திறந்து வைத்திருப்பாரானால், அதுவே நாம் அனைவரும் சேர்ந்து அமைத்த சாலையாகும்.