கொரியாவுக்குத் தேவை எங்கட பிள்ளையின் ஆங்கிலமா, கடவுச்சீட்டா?

கிங்ஸ்பரியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளின் வாயில் இப்ப அடிக்கடி வருகிற பெயர் தென்கொரியா. "ஒரு வருசம் போய் இங்கிலிஸ் படிப்பிச்சிட்டு வாறன்" என்று மகளோ மகனோ சொன்னவுடன் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "அங்க போய் என்னத்தைச் சாப்பிடப் போறாய்?" என்பது அம்மாவின் கேள்வி. "படிப்பிக்கிற வேலை இஞ்ச இல்லையோ?" என்பது அப்பாவின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நான் கேட்கச் சொல்வது வேறொன்று: கொரியா எங்கட பிள்ளையிடம் எதைக் கண்டு வேலை கொடுக்கிறது?

முதலில் வேலையைப் பார்ப்போம். கொரிய அரசு 1995 முதல் 'எபிக்' என்ற திட்டத்தின் கீழ் தன் அரச பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுத்து வருகிறது. அங்கே 1997 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாய பாடம். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், ஆங்கிலம் கேட்டல் பகுதி நடக்கிற நேரத்தில் நாட்டில் விமானம் ஏறவும் விடமாட்டார்கள், இறங்கவும் விடமாட்டார்கள். ஆங்கிலம் அங்கே அந்தளவு பெரிய விசயம்.

அப்படிப்பட்ட நாடு ஆசிரியருக்கு என்ன தகுதி கேட்கிறது? ஏதாவதொரு பாடத்தில் இளமாணிப் பட்டம் போதும். கல்வியியல் படிக்காதவர்கள் 100 மணித்தியாலப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று எடுக்க வேண்டும். பட்டச் சான்றிதழுக்கும் பொலிஸ் நற்சான்றிதழுக்கும் வெளிவிவகார அமைச்சின் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும். இந்தக் காகித வேலைக்கே மாதக்கணக்கு ஓடிவிடும். ஆசிரியர்களை எடுப்பது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று மார்ச்சில் கல்வியாண்டு தொடங்கும்போது, மற்றது ஓகஸ்ட் கடைசியில்.

உண்மையான வடிகட்டல் இதிலெல்லாம் இல்லை, குடியுரிமையில்தான் இருக்கிறது. பிரித்தானியா, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. ஏழாம் வகுப்பிலிருந்து அந்த நாடுகளில் ஒன்றில் படித்திருக்க வேண்டும், மொத்தமாகப் பத்து வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியைக் கிங்ஸ்பரிக்காரர் கவனிக்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே, நெதர்லாந்து என்று முதலில் இறங்கி, பிறகு "பிள்ளையளின்ர இங்கிலிஸ் படிப்புக்காக" லண்டன் வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. பதினைந்து வயதில் வந்த பிள்ளை இன்று பிரித்தானியக் கடவுச்சீட்டோடு, லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தோடு, அட்சரம் பிசகாத ஆங்கிலம் பேசலாம். ஆனாலும் எபிக் கணக்கில் அது தகுதி இல்லாத பிள்ளை. பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை இங்கே பாடசாலையில் சேரும்போது, ஆங்கிலத்தை மேலதிக மொழியாகக் கொண்ட பிள்ளை என்று பதிவாகும். கிங்ஸ்பரியில் எங்கட பிள்ளைகளில் பெரும்பாலானோர் அப்படிப் பதிவானவர்கள்தான். அதே பிள்ளை இன்சொன் விமான நிலையத்தில் இறங்கியதும் 'வொனோமின்' ஆகிவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று அர்த்தம். இடையில் பிள்ளையின் நாக்கு மாறவில்லை, கையில் உள்ள கடவுச்சீட்டுத்தான் பேசுகிறது.

வகுப்பறையில் எதிர்பார்க்க வேண்டியதும் இதிலிருந்தே விளங்கும். பெயர் ஆசிரியர் என்றாலும் இது உதவி ஆசிரியர் வேலை. கொரிய ஆசிரியர் ஒருவர் கூடவே நிற்பார். சில இடங்களில் இருவரும் சேர்ந்து அழகாகப் படிப்பிப்பார்கள். சில இடங்களில் எங்கட பிள்ளை வாசித்துக் காட்டுகிற ஒலிப்பதிவுக் கருவி மாதிரி நிற்க வேண்டி வரும். இன்னும் சில இடங்களில் முழு வகுப்பையும் தனியே இழுக்க வேண்டும். இது முழுக்க அந்தக் கூட்டாசிரியரின் குணத்தைப் பொறுத்தது. அரச பாடசாலை ஆசிரியர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவதால், நல்லவர் கிடைத்தாலும் மார்ச்சில் போய்விடலாம்.

வாரத்துக்கு 22 மணித்தியாலம் வகுப்பு, மொத்தம் 40 மணித்தியாலம் பாடசாலையில் இருக்க வேண்டும். மாணவர்களுக்கு விடுமுறை என்றால் ஆசிரியருக்கும் விடுமுறை என்று நினைக்க வேண்டாம். விடுமுறை முகாம் நடத்த வேண்டும், அல்லது ஆளில்லாத பாடசாலையில் மேசைக்கு முன் குந்தியிருக்க வேண்டும். சியோலைக் கேட்டால் சியோல் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஒரு தீவிலோ, மூன்று சின்னப் பாடசாலைகளுக்கு மாறி மாறிப் போகிற ஒரு கிராமத்திலோ போடலாம்.

அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு பாடசாலையிலேயே கிடைக்கும், சோறு தப்பாமல் இருக்கும். ஆனால் கிம்ச்சியில் பெரும்பாலும் இறாலோ மீனோ ஊறியிருக்கும், சூப்பிலும் மீன் சாறு இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் சைவப் பிள்ளைக்கும் இது கஷ்டம்தான். போக முதல் ஒரு நாள் நியூமோல்டன் பக்கம் போய்ப் பாருங்கள். லண்டனின் கொரியர்கள் அங்கேதான் கூட, எங்கட ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் எது சைவம் என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

காசு விசயம் மோசமில்லை. மாதம் ஏறத்தாழ 20 முதல் 30 இலட்சம் வொன். பவுணில் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து ஆயிரத்து அறுநூறு வரை வரும். தனி அறை வீடு இலவசம், ஒப்பந்தத்தை முடித்தால் ஒரு மாதச் சம்பளம் மேலதிகம். கிங்ஸ்பரியில் ஒரு அறை வாடகையை நினைத்துப் பார்த்தால் சேமிக்கலாம் என்பது தெரியும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போனால் மாணவர் கடன் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், கடன் கூடவே வரும். கொரிய ஓய்வூதியத்துக்குக் கழிக்கிற பணம், திரும்பி வரும்போது அமெரிக்கருக்கும் கனேடியருக்கும் மீளக் கிடைக்கும். பிரித்தானியருக்குக் கிடைக்காது.

நிறத்தைப் பற்றியும் மூடி மறைக்காமல் கதைக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே படம் கேட்பார்கள். விரிவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஒன்றுக்கு 2007 முதல் பலமுறை மசோதா வந்தும் அங்கே இன்னும் நிறைவேறவில்லை. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் எச்.ஐ.வி. பரிசோதனை என்றொரு விதி இருந்தது. கொரிய ஆசிரியர்களுக்கு அது இல்லை. 2009-இல் நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து வேலையை இழந்தார். ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015-இல் அவர் பக்கம் நியாயம் சொன்னது. 2017-இல் அந்த விதி நீங்கியது. ஒரு தனியாள் வாய் திறந்ததால்தான் அது மாறியது. தனியார் டியூஷன் நிலையங்களோடு ஒப்பிட்டால் அரச பாடசாலை பாதுகாப்பானது, சம்பளமும் ஒழுங்காக வரும். ஆனாலும் "நீ உண்மையில் எந்த நாடு?" என்ற கேள்வியை எங்கட பிள்ளை அங்கே தினமும் கேட்கத்தான் போகிறது.

இனி எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். இந்த ஏழு நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினறியை 1823-இல் தொடங்கினார்கள், உடுவில் மகளிர் பாடசாலை 1824-இல் வந்தது. கொரிய அரசர் அமெரிக்க ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஆங்கிலப் பாடசாலை நடத்தியது 1886-இல். எங்கட ஊர் அறுபது வருசத்துக்கு மேல் மூத்தது. அங்கே படித்தவர்கள் மலாயா வரை போய் ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்தார்கள். ஆனால் இன்று யாழ்ப்பாணத்தில் இருபது வருசம் ஆங்கிலம் படிப்பித்த ஒருவர் கொரியப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அவர் தம்பிக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2004 முதல் நடக்கும் அரச ஒப்பந்தத்தின் கீழ், கொரிய மொழிச் சோதனை பாஸ் பண்ணி, தொழிற்சாலைக்கோ மீன்பிடிக்கோ போகலாம்.

இந்தியாவுக்கு 2010-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தம் ஒரு சின்ன வழி விட்டது. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் உரிமமும் இரண்டும் இருந்தால் இந்தியர் உதவி ஆசிரியராகலாம். ஆகவே சென்னைக்காரர் உரிமம் காட்ட வேண்டும், யாழ்ப்பாணத்தவருக்கு வழியே இல்லை, கிங்ஸ்பரிப் பிள்ளைக்கு புவியியல் பட்டமே போதும். மூவரும் ஒரே குடும்பத்து மச்சான் மச்சாளாகவும் இருக்கலாம். கெட்டித்தனத்துக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமில்லை. தாய் தகப்பன் எந்த ஆண்டு, எந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டார்கள் என்பதே இதைத் தீர்மானித்தது.

இதற்காகப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகட்டும். 2023-இல் கொரியாவின் கருவள வீதம் 0.72 ஆக விழுந்தது, பிள்ளைகள் குறைந்து பாடசாலைகள் மூடப்படுகின்றன. இந்தக் கதவு எப்போதும் இவ்வளவு அகலமாக இருக்காது. ஆனால் கடவுச்சீட்டால் கிடைத்த இடம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அங்கே இருந்த வருடம் இங்கே ஆசிரியர் தகுதியைத் தராது. திரும்பி வந்தால் முறைப்படி பயிற்சி எடுக்கத்தான் வேண்டும். படிப்பிக்கும் கலையைக் கற்றுக்கொண்டு வந்தால் மட்டும் அந்த வருடம் வீணாகாது.

அதற்கு ஒரு நல்ல பயிற்சிக்களம் எங்கட பக்கத்திலேயே இருக்கிறது: சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை. வீட்டில் புழங்காத ஒரு மொழியை, விருப்பமில்லாமல் வந்து குந்தியிருக்கிற பிள்ளைக்கு எப்படிப் படிப்பிப்பது? கொரியாவில் தினமும் வரப்போகிற அதே சிக்கல் இது. விண்ணப்பம் போடுகிற பிள்ளை முதலில் ஒரு தவணை அங்கே தொண்டு ஆசிரியராக நிற்கட்டும். அப்படியே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற அந்த மாமியிடமும், வகுப்பை எப்படிக் கட்டி ஆள்வது என்று வட்ஸ்அப்பில் நாலு கேள்வி கேட்கட்டும். அவருக்கு விசாதான் கிடைக்காது. படிப்பிக்க அவருக்கு நன்றாகத் தெரியும்.