இயந்திரங்கள் வந்தன, நாவல்கள் வரவில்லை

தமிழ்த் திரைப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு வரலாறு எழுத முற்படுவோர் புதுக்கோட்டையைத் தவிர்த்துவிட இயலாது. அவ்வூர்க்காரரான பி.யூ. சின்னப்பா, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் ஏற்று, ஒரே நடிகர் இரு மனிதர்களாகத் திரையில் உலவும் விந்தையைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பழக்கினார். அதே சுந்தரம் 1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 'காடு' என்ற படத்தைத் தயாரித்தார். எப்போதோ அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காடொன்றில் இன்னும் திரிவதாகக் கற்பனை செய்த அப்படத்தில், உண்மை யானைகளுக்கே உரோமப் போர்வை அணிவித்து அவற்றை மாமதங்களாக நடமாடவிட்டார்கள். எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' (1963), வேற்றுலகவாசிகள் இசைக்காகப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்திச் செல்வதைக் கதையாகக் கொண்டது. ஆக, அறிவியல் புனைகதை, அதாவது இன்றைய அறிவியலின் ஒரு சாத்தியத்தை ஆதாரமாகக் கொண்டு 'அப்படி நடந்தால் மனிதர் என்ன ஆவர்' என்று வினவும் கதை, தமிழ்த் திரைக்குப் புதிய விருந்தாளி அன்று.

அண்மை ஆண்டுகளில் இந்த வகைப் படங்கள் பெருகியும் உள்ளன. 'எந்திரன்' (2010), 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாயவன்' (2017), 'டிக் டிக் டிக்' (2018), 'மாநாடு' (2021), 'அயலான்' (2024) என நீளும் பட்டியலில் ரோபோவும், காலப் பயணமும், விண்கல்லும், வேற்றுலகவாசியும் இடம்பெற்றுவிட்டன. இடம்பெறாதது நாவல். பூமணியின் 'வெக்கை' 'அசுரன்' ஆயிற்று, மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' 'விசாரணை' ஆயிற்று. கல்கியின் சோழர்கள் இரண்டு பாகங்களாக வந்து போனார்கள். சமூக நாவலையும் சரித்திர நாவலையும் நம்பிப் பணம் போடும் திரையுலகம், அறிவியல் புனைகதை என்றவுடன் எழுத்தாளரின் அலமாரியை விட்டுவிட்டு அயல்மொழிப் படங்களின் குறுந்தகடுகளைத் தேடிப் போவது விளங்கிக்கொள்ளக் கடினமான பழக்கம்.

படமாக்கத் தகுந்தவற்றுள் முதலிடம், ஐயத்துக்கு இடமின்றி, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்கு உரியது. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராக ஒளிபரப்பான இந்நாவல், குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியிருக்கிற, பெயர்கள்கூடச் சுருக்கப்பட்டுவிட்ட ஓர் எதிர்கால இந்தியாவைக் காட்டுகிறது. கணவன் காணாமற்போன நிலா என்னும் சாதாரணப் பெண்ணும், ஜீனோ என்னும் இயந்திர நாயும், நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவரின் மர்மத்தை நோக்கி நகர்வதே கதை. அந்தத் தலைவர் உயிருள்ள மனிதரே அல்லர். ஒளிக்கற்றைகளால் வெளியில் உருவாக்கப்படும் முப்பரிமாணப் பிம்பம், அதாவது ஹோலோகிராம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற ஒருவரே, மக்கள் யாரை ஆளவைத்திருக்கிறோம் என்று அறியாமல் வாழும் நாட்டையும் எழுதினார் என்பது கவனத்துக்குரியது. செயற்கை நுண்ணறிவால் எவருடைய முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கிவிடக்கூடிய இக்காலத்தில் அந்தக் கற்பனை எழுதப்பட்ட காலத்தைவிட வலுவாகப் பொருந்துகிறது. கதை நிகழ்வதாகச் சுஜாதா குறித்த 2020களின் தொடக்கமும் கடந்துவிட்டது. ஆதலால் ஆண்டைத் தள்ளிவைப்பதா, நடந்திராத ஓர் இறந்தகாலமாகவே படமாக்குவதா என்பதை இயக்குநர் முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவது வழியே துணிச்சலானது. ஜீனோவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை: புத்தகம் படித்துப் படித்துச் சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் அந்த நாயைக் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பொம்மையாக்கிவிட்டால் நாவலே போய்விடும்.

சுஜாதாவின் எல்லா அறிவியல் நாவல்களும் இத்தகுதி உடையவை அல்ல. 'சொர்க்கத்தீவு' அதன் மேலைநாட்டு முன்னோடிகளின் நிழலிலிருந்து முழுமையாக வெளிவரவில்லை. மனித மனத்தைக் கணினிக்குள் இறக்கிவைக்கும் ஆராய்ச்சியைப் பேசும் 'பேசும் பொம்மைகள்' இன்னும் புதுமை குன்றாமல் இருக்கிறது என்றாலும், ஏறத்தாழ அதே கருவை 'மாயவன்' எடுத்தாண்டுவிட்டதால் அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் வியப்பு பறிபோயிற்று.

பிந்தைய தலைமுறையில் க. சுதாகர் எழுதிய '6174' (2012) தனியே பேசப்பட வேண்டிய நாவல். தலைப்பிலுள்ள எண், மகாராட்டிரப் பள்ளி ஆசிரியர் டி.ஆர். கப்ரேகர் கண்டறிந்த மாறிலி. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். 3524 என்றால், 5432இலிருந்து 2345ஐக் கழிக்க 3087. அதைப் போலவே 8730இலிருந்து 0378ஐக் கழிக்க 8352. 8532இலிருந்து 2358ஐக் கழிக்க 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இதே எண் வந்து நிற்கும். இத்தகைய கணிதத்தையும் கோலத்தையும் படிகங்களின் அறிவியலையும் லெமூரியத் தொன்மத்தையும் ஒரு துப்பறியும் ஓட்டத்தில் இணைத்திருப்பது இந்நாவலின் சிறப்பு. லெமூரியாவை நிலவியலாளர் ஏற்பதில்லை என்பது உண்மையே. ஆனால் புனைகதை அதை வரலாறாக மெய்ப்பிக்கக் கடமைப்பட்டதன்று.

இக்கதையைப் படமாக்க விரும்புவோர் வெளிநாட்டுக் கோட்டைகளைத் தேட வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலைக்குச் செல்லலாம். அங்குள்ள குடைவரைக் கோயிலை அடுத்த பாறைச் சரிவில், கி.பி. ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில், ஏழு இராகங்களுக்கு உரிய ஏழு பிரிவுகளாகச் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நான்கு நான்கு சுரங்களாகச் சேர்த்துக் கட்டங்கள் போல வரிசையாக அமைந்துள்ள அக்கல்வெட்டு, இசையறியாதவர் கண்ணுக்கு மறைகுறியீட்டு அட்டவணையாகவே தோன்றும். அதை மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்தான் என்ற கருத்தை அறிஞர் சிலர் ஏற்பதில்லை. அந்தக் கருத்து வேறுபாடே ஒரு திரைக்கதைக்குப் போதுமான முடிச்சு.

செலவு பெரிது என்பது தயாரிப்பாளர் வழக்கமாகக் கூறும் மறுப்பு. விண்கல் விழப்போகிறது என்ற செய்தி ஒரு சிற்றூரை எவ்வாறு கலைக்கிறது என்று காட்டிய 'அப்புச்சி கிராமம்' (2014), பெரும் கிராபிக்ஸ் இல்லாமலே அதற்கு விடை சொல்லிவிட்டது. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பிலுள்ள கதைகளிலும் விண்கலங்களைவிட மருத்துவமும் மரபறிவும் மனிதப் பேராசையுமே மிகுதி. 'ஐந்தாவது மருந்து' ஒன்றே இரண்டு மணி நேரப் படத்துக்குத் தாங்கும். இன்னும் சிக்கனம் வேண்டுவோர்க்குப் பூர்ணம் விசுவநாதன் மேடையேற்றிய சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்' நாடகம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு மட்டும் எதிர்காலத்திலிருந்து வந்தவன் தென்படுகிறான். வீட்டார் முதலில் அவரைப் பைத்தியம் என்கிறார்கள், பிறகு சாமியாராக்கிவிடுகிறார்கள். ஒரே வீடு, ஐந்தாறு நடிகர்கள் போதும்.

உண்மைத் தடை வேறிடத்தில் உள்ளது. நாவலைப் படித்துச் சுருக்கித் தரும் கதைப் பிரிவு என்ற ஒன்று பெரும்பாலான தயாரிப்பு நிறுவனங்களில் இல்லை. உரிமை வாங்கிப் பெயர் போட்டுப் படமெடுப்பதைவிடக் கருவை மட்டும் உருவிக்கொள்வது எளிது என்ற எண்ணமும் மறையவில்லை. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் ஆய்வாளர்களுக்காகத் திறந்திருக்கின்றன. அடுத்த அறிவியல் படத்துக்குக் கதை தேடும் இயக்குநர்கள், கதை விவாதத்துக்கு விடுதி அறை எடுக்கும் முன், தம் உதவியாளர் ஒருவரையேனும் அத்தகைய நூலகத்துக்கு ஒரு வாரம் அனுப்பிவைக்க வேண்டும். தேர்ந்த நாவலுக்கு எழுத்துவடிவில் ஒப்பந்தம் செய்து, எழுத்தாளரின் பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே போட வேண்டும்.